தேசிய மீக்கணினி வலையமைப்பைப் பயன்படுத்துவது எப்படி: காவிரி டெல்டா ஆய்வாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் துவாக்குடியை ஒட்டியுள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் வாயிலைக் கடந்துதான் போகிறார்கள். அந்த வளாகத்துக்குள் ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி 2022 மே 25 முதல் இயங்கிவருகிறது. அதன் உச்சத் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது ஒரு நொடிக்கு 838 லட்சம் கோடி தசமக் கணக்குகள். பேச்சில் நாம் சூப்பர் கம்ப்யூட்டர் என்றே சொல்கிற இந்த இயந்திரத்தைப் பற்றி டெல்டாவின் கல்லூரிகளில் ஆய்வு செய்கிற பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பலர் அது ஐஐடிக்காரர்களுக்கும் விண்வெளித் துறைக்கும் உரியது என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் இருந்துகொண்டு, முனைவர் பட்ட மாணவர்களுக்கு இத்தகைய இயந்திரங்களுக்கான விண்ணப்பம் எழுத உதவிவருகிறேன். நான் பார்த்தவரை, விண்ணப்பம் திரும்பி வருவதற்கும், கிடைத்த கணினி நேரம் வீணாவதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எவ்வளவு வேண்டும் என்று அளக்காமலே கேட்பது. ஆகவே இந்த வழிகாட்டியில் கட்டளைகளைவிட அளப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வலையமைப்பு எப்படி அமைந்திருக்கிறது

தேசிய மீக்கணினி இயக்கத்துக்கு மத்திய அரசு 2015-ல் ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 4,500 கோடி ரூபாய். அறிவியல் தொழில்நுட்பத் துறையும் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் இதை இணைந்து நடத்துகின்றன; செயல்படுத்துகிறவை புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் என்னும் அரசுக் கணினி ஆய்வு நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஆகும். சி-டாக் 1988-ல் தொடங்கப்பட்டு, 1991-ல் ‘பரம் 8000’ என்னும் இயந்திரத்தை உருவாக்கிய நிறுவனம். பரம் என்ற குடும்பப் பெயர் அங்கிருந்து வருவது. இயக்கத்தின் முதல் இயந்திரமான ‘பரம் சிவாய்’ 2019-ல் வாரணாசியில் நிறுவப்பட்டது. 2022-ல் பெங்களூருவில் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் (ஒரு பெட்டா என்பது 1,000 டெரா) திறனுள்ள ‘பரம் பிரவேகா’ வந்தது. 2024 செப்டம்பரில் புனே, டெல்லி, கொல்கத்தா ஆகிய 3 ஊர்களில் ‘பரம் ருத்ரா’ இயந்திரங்கள் தொடங்கிவைக்கப்பட்டன. 2025 மார்ச் நிலவரப்படி இயக்கத்தின் கீழ் 34 மீக்கணினிகள், மொத்தம் 35 பெட்டாஃப்ளாப்ஸ் திறனோடு நாடெங்கும் இருந்தன.

இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது, அதை எட்டுவதற்கு வழி வேண்டும். பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் அதிவேகக் கண்ணாடியிழைக் கம்பிகளால் இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010-ல் அனுமதி கிடைத்தது. அதை நடத்துவது தேசிய தகவலியல் மையம். மீக்கணினிகளைக் கல்லணையாகக் கொண்டால் இந்த வலையமைப்பை ஆறுகள் எனலாம். டெல்டாக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: கல்லணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்வது வாய்க்கால் தூர்வாரப்பட்டிருப்பதைப் பொறுத்தது. மத்தியப் பல்கலைக்கழகம், தேசிய நிறுவனம் போன்றவை ஆற்றங்கரையில் இருக்கின்றன. இணைவு பெற்ற கலை, அறிவியல் கல்லூரிகளில் பலவும் சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் ஓடும் கடைமடைகள். உங்கள் கல்லூரி எந்த வகை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் பல முடிவுகள் அதைப் பொறுத்தே அமையும்.

முதல் படி: உங்களுக்கு உண்மையிலேயே தேவையா?

500 விவசாயிகளிடம் எடுத்த கணக்கெடுப்பைப் புள்ளியியல் மென்பொருளில் ஆராய்வதற்கு மீக்கணினி வேண்டாம். மேசைக் கணினியில் 4 மணி நேரத்தில் முடிகிற கணக்குக்கும் வேண்டாம். தேவை என்பதற்கு நான் பார்க்கும் அறிகுறிகள் சில உண்டு. கணினியின் நினைவகம் நிரம்பி நிரல் நடுவிலேயே நின்றுபோவது ஒன்று. ஒரே ஓட்டம் வாரக்கணக்கில் இழுப்பது இன்னொன்று. அதே கணக்கை வேறு வேறு உள்ளீடுகளுக்கு நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்ய வேண்டியிருப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையினருக்குத்தான் மீக்கணினி மிக எளிதாகக் கைகொடுக்கும் என்பது என் கருத்து. நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் பயன் கிடைத்துவிடும்.

இங்கே பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு. 40 கோர்கள், அதாவது தனித்தனியே கணக்குப் போடும் செயலி அலகுகள், உள்ள இயந்திரத்தில் போட்டால் நிரல் 40 மடங்கு வேகமாக ஓடும் என்று நினைக்கிறார்கள். ஒரே கோரில் ஓடும்படி எழுதப்பட்ட நிரல் அங்கேயும் ஒரே கோரில்தான் ஓடும். சில நேரம் உங்கள் மடிக்கணினியைவிட மெதுவாகக்கூட ஓடும். இணையாக ஓடும்படி எழுதப்பட்ட நிரலுக்கும் எல்லை உண்டு. நிரலின் 5 விழுக்காடு வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்றால், 40 கோர்களில் கிடைக்கும் வேகம் சுமார் 13.6 மடங்கு, 400 கோர்கள் கொடுத்தாலும் 19 மடங்குதான், எத்தனை கொடுத்தாலும் 20-ஐத் தாண்டாது. இது ஆம்டால் விதி என்று அறியப்படுவது. நடவுக்கு ஆள் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும், நாற்று முளைக்கிற நாளை எத்தனை ஆள் வந்தாலும் குறைக்க முடியாது.

இரண்டாம் படி: சிறிய அளவில் ஓட்டி அளத்தல்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். உங்கள் சிக்கலின் சிறிய வடிவம் ஒன்றை மேசைக் கணினியில் ஓட்டி, மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எடுத்த நேரம், தொட்ட உச்ச நினைவகம், எழுதிய கோப்புகளின் அளவு. லினக்ஸில் முழுப் பாதையோடு அழைக்கப்படும் ‘டைம்’ கட்டளைக்கு ‘வி’ என்னும் குறியைச் சேர்த்தால் முதல் இரண்டையும் அதுவே சொல்லிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை வானிலை மாதிரியில் மீண்டும் ஓட்டிப் பார்க்க மாணவி ஒருவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 9 கிலோமீட்டருக்கு ஒரு கணக்குப் புள்ளி வைத்த கட்டத்தில் 3 நாள் ஓட்டம் அவருடைய 8 கோர் மேசைக் கணினியில் 6 மணி நேரம் எடுக்கிறது. கோர்களின் எண்ணிக்கையை மணி நேரத்தால் பெருக்கினால் 48 கோர்-மணி. ஆனால் கரையோரக் காற்றின் நுணுக்கம் தெரிய 3 கிலோமீட்டர் கட்டம் வேண்டும். கட்டத்தை மூன்றில் ஒன்றாக்கினால் கிழக்கு மேற்காக 3 மடங்கு, வடக்கு தெற்காக 3 மடங்கு என்று புள்ளிகள் 9 மடங்காகின்றன. கட்டம் சுருங்கும்போது கால அடியையும் (மாதிரி ஒவ்வொரு கணக்கிலும் முன்னேறும் நேரத்தையும்) அதே விகிதத்தில் சுருக்க வேண்டும் என்பதால் மேலும் 3 மடங்கு. ஆக மொத்தம் 27 மடங்கு. 48-ஐ 27-ஆல் பெருக்கினால் ஓர் ஓட்டத்துக்கு 1,296 கோர்-மணி. மழைப்பொழிவு முறைகளை மாற்றி மாற்றி 10 ஓட்டங்கள் என்றால் 12,960. தவறாகப் போகும் ஓட்டங்களுக்கென்று 30 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 17,000 கோர்-மணி. விண்ணப்பத்தில் எழுத வேண்டிய எண் இதுதான். பெரிய பரப்பை 9 கிலோமீட்டரிலேயே விட்டுவிட்டுக் கரையோரத்தை மட்டும் உட்கட்டமாக நுணுக்கினால் இதில் ஒரு பகுதியே போதும் என்பதையும் அவர் எழுதினால், படிக்கிற குழு இவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்ளும்.

சேமிப்பகக் கணக்கும் இதே போலத்தான். 300-க்கு 300 புள்ளிகள், 40 அடுக்குகள், ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு மாறிக்கு 14.4 எம்பி. முப்பரிமாண மாறிகள் 15 இருந்தால் ஒரு முறை எழுதுவதற்கு 216 எம்பி. மணிக்கு ஒருமுறை என 72 மணி நேரத்துக்கு எழுதினால் ஏறத்தாழ 16 ஜிபி. 10 ஓட்டங்களுக்கு 160 ஜிபி. யாரோ கொடுத்த பழைய அமைப்புக் கோப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும்படி இருந்ததைக் கவனிக்காமல் விட்டால் அது 6 மடங்காகி ஒரு டிபியை எட்டிவிடும். வெளியீட்டு இடைவெளி என்ற அந்த ஓர் எண்ணை மாணவர்கள் யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாம் படி: எந்த வாசலைத் தட்டுவது

டெல்டாக்காரருக்கு இயல்பான முதல் வாசல் பரம் பொருள். இயந்திரம் அமைந்துள்ள நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்களுக்கு ஒரு பங்கும் வெளி ஆய்வாளர்களுக்கு ஒரு பங்கும் ஒதுக்குவது இந்த இயக்கத்தின் வழக்கம். பங்கின் அளவும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். அந்தந்த நிறுவனத்தின் பயனர் கையேட்டையும் கட்டண அறிவிப்பையும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆய்வு நிதித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதே கணினி நேரத்துக்கென்று ஒரு தொகையைச் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

உயிரியல் தரவு என்றால் வேறொரு வாசலும் உண்டு. அரியானாவின் ஃபரிதாபாத்தில் 2022 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையம் 4 பெட்டாபைட் சேமிப்பகத்தோடும் ‘பிரம்’ என்னும் தன் சொந்த மீக்கணினியோடும் இயங்குகிறது. அரசுப் பணத்தில் உருவான மரபணுத் தரவுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடமும் அதுவே. ஆழ்கற்றல் மாதிரிகளைப் பயிற்றுவிக்க ஜிபியு என்னும் வரைகலைச் செயலி மட்டுமே வேண்டும் என்கிறவர்கள், 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ இயக்கத்தின் சலுகை விலை ஜிபியு சேவையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டியவை: நெறியாளரின் ஒப்பம், துறைத் தலைவர் வழியாக முத்திரையோடு செல்லும் கடிதம், ஆய்வின் ஒரு பக்கச் சுருக்கம், பயன்படுத்தப்போகும் மென்பொருள்களின் பதிப்பு எண்கள், மேலே கணக்கிட்ட கோர்-மணி, சேமிப்பகம், எத்தனை மாதம் என்பன. சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பாமல் நிறுவன மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். கல்லூரியில் அப்படி ஒன்று இல்லையென்றால் அதை வாங்குவதே முதல் வேலை. நான் பார்த்த ஒரு மாணவருக்கு மீக்கணினிக் கணக்கு 10 நாளில் கிடைத்தது, கல்லூரி மின்னஞ்சல் கிடைக்க 2 மாதம் ஆனது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களின் உரிமத்தை இயந்திரம் வைத்திருப்பவர் தருவார் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் நீங்களே கொண்டுவர வேண்டியிருக்கும்.

நான்காம் படி: உள்ளே நுழைதல்

கணக்கு கிடைத்ததும் எஸ்எஸ்ஹெச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு முறையில் நுழைவீர்கள். அங்கே சுட்டி, சாளரம் எதுவும் இருக்காது. கருப்புத் திரையும் கட்டளை வரியும்தான். விண்டோஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு மோபாஎக்ஸ்டெர்ம் அல்லது புட்டி என்னும் மென்பொருள் போதும். லினக்ஸ் கட்டளைகள் ஓர் இருபதைக் கணக்கு வருவதற்கு முன்பே பழகிக்கொண்டால், கிடைத்த மாதங்களில் இரண்டு வாரம் மிச்சமாகும்.

மீக்கணினி என்பது நோடு எனப்படும் பல கணினிகள் சேர்ந்தது. நுழைந்தவுடன் நீங்கள் நிற்கும் இடத்துக்கு லாகின் நோடு என்று பெயர். அதை வீட்டுத் திண்ணை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற எல்லோரும் உட்காரலாம், பேசலாம், ஆனால் அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கக் கூடாது. கோப்புகளைத் திருத்துவது, வேலையை வரிசையில் சேர்ப்பது இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கனமான கணக்கை அங்கேயே ஓட்டினால் நூறு பேருக்கு இடைஞ்சல். நிர்வாகி நிறுத்திவிட்டு எச்சரிக்கை அனுப்புவார்.

ஓர் ஆய்வகத்தில் நெறியாளரின் பெயரில் ஒரு கணக்கு வாங்கி, கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவைத்து 6 பேர் பயன்படுத்துகிற பழக்கம் நம் பக்கத்தில் சகஜம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒருவர் தெரியாமல் அழித்த கோப்புறை மற்ற ஐவருடையதாகவும் இருக்கும், யார் செய்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், எல்லோருக்கும் பொதுவான திட்டக் கோப்புறை ஒன்றும் கேட்டு வாங்கலாம்.

ஐந்தாம் படி: தரவைக் கொண்டுபோய்ச் சேர்த்தல்

கடைமடைச் சிக்கல் முழுதாகத் தெரிவது இங்கேதான். ஒரு டிபி தரவை நொடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பில் அனுப்ப 2 மணி 13 நிமிடம் போதும். 100 மெகாபிட் என்றால் 22 மணி நேரம். பல கல்லூரிகளின் மேலேற்ற வேகமான 20 மெகாபிட் என்றால் 4 நாள் 15 மணி நேரம், அதுவும் மின்சாரம் ஒருமுறைகூடப் போகாமல் இருந்தால்.

நெல்லை எடுத்துக்கொள்வோம். 1922 முதல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நடந்துவரும் ஊர்ப்பக்கம் இது. நெல் மரபணு ஆய்வு இங்கே பலருக்கும் பிடித்த தலைப்பு. நெல்லின் 12 குரோமோசோம்களில் ஏறத்தாழ 39 கோடி டிஎன்ஏ எழுத்துகள் உள்ளன. ஒரு ரகத்தை 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 30 முறை, வாசித்தால் 1,170 கோடி எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் தரக்குறி ஒன்று சேர்வதால் சுருக்காத கோப்பு 23 ஜிபியைத் தாண்டும். 100 ரகங்கள் என்றால் 2.3 டிபி. இதைக் கல்லூரியிலிருந்து மேலேற்றுவதற்கு முன் ஒன்று யோசியுங்கள்: உங்களுடைய வயலில் எடுத்த மாதிரிகள் எத்தனை, ஏற்கெனவே பொதுவில் கிடைப்பவை எத்தனை? 2014-ல் வெளியான 3,000 நெல் மரபணுத் திட்டத்தின் தரவு போன்றவற்றை வீட்டுக்கு இறக்கி மறுபடி மேலேற்றுவது வீண் வேலை. மீக்கணினியின் தரவு நகர்த்தும் நோடிலிருந்து நேரடியாக அங்கேயே இறக்குங்கள். அதற்கு வலையமைப்பின் முழு வேகமும் கிடைக்கும். கணக்குப் போடும் நோடுகளுக்குப் பெரும்பாலும் வெளி இணையம் இருக்காது என்பதால், வேலை தொடங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் இறக்கி முடித்திருக்க வேண்டும்.

சொந்தத் தரவை மேலேற்ற ‘ஆர்சிங்க்’ என்னும் கருவியைப் பயன்படுத்துங்கள். ‘பார்ஷியல்’ என்னும் குறியைச் சேர்த்தால், நடுவில் இணைப்பு அறுந்தாலும் மறுபடி ஓட்டும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தும் ஊரில் இதைவிட முக்கியமான கருவி இல்லை. அனுப்பி முடித்ததும் இரு பக்கமும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கோப்பின் அளவு சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, கோப்பே சரியாக வந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

கோப்புகளின் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம். தமிழ்ப்பற்றுக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. ‘சுவடி 12 புதியது இறுதி’ என்று பெயரிட்ட 400 கோப்புகளைப் பழைய நிரல் ஒன்று நான்கு நான்கு துண்டாகப் பிரித்துப் படித்துத் தடுமாறியதை ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து சரிசெய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆறாம் படி: மென்பொருளை ஆயத்தம் செய்தல்

பொதுவான மென்பொருள்கள் ‘மாட்யூல்’ முறையில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும்; பட்டியலைப் பார்த்து வேண்டியதை ஏற்றிக்கொள்ளலாம். பைத்தான் நிரல்களுக்கு, வேண்டிய தொகுப்புகளைத் தனியே நிறுவிக்கொள்ள உதவும் காண்டா சூழல் ஒன்றை உங்கள் கோப்புறையில் அமைத்துக்கொள்வது எளிது. சிக்கலான மென்பொருள்களை ஆப்டெய்னர் என்னும் கொள்கலனுக்குள் மேசைக் கணினியிலேயே கட்டி, ஒரே கோப்பாகக் கொண்டுபோய் வைக்கலாம். எந்த வழியானாலும் பதிப்பு எண்களைக் குறித்து வையுங்கள்.

ஏழாம் படி: முறை வைத்துப் பாய்ச்சுதல்

மீக்கணினியில் நினைத்த நேரத்தில் நிரலை ஓட்ட முடியாது. ‘ஸ்லர்ம்’ என்னும் மேலாண்மை மென்பொருளிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாய்க்கால் தலைப்பில் மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் வேலையைத்தான் ஸ்லர்ம் செய்கிறது: யாருக்கு எப்போது எவ்வளவு நேரம் என்பதை அது தீர்மானிக்கிறது, அண்மையில் நிறையப் பாய்ச்சியவரை வரிசையில் சற்றுப் பின்னுக்குத் தள்ளுகிறது.

வேலையைக் கொடுப்பதற்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு, எழுத வேண்டும். அதன் தலைப்பகுதியில் எந்தப் பிரிவு, எத்தனை நோடு, நோடு ஒன்றுக்கு எத்தனை செயல், எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்ற ஐந்தையும் சொல்லிவிட்டு, அதன் கீழே மாட்யூல் ஏற்றும் வரியும் நிரலை அழைக்கும் வரியும் வரும். ‘எஸ்பேட்ச்’ என்ற கட்டளையால் அதை ஒப்படைத்தால் ஒரு வேலை எண் கிடைக்கும். அதன் பிறகு உங்கள் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும்.

இந்த ஐந்தில் நேரம்தான் நுட்பமானது. பயத்தில் எல்லோரும் அனுமதிக்கப்பட்ட உச்ச நேரத்தையே கேட்கிறார்கள். மேலே சொன்ன புயல் ஓட்டத்தையே பாருங்கள்: 1,296 கோர்-மணி வேலையை, 40 கோர் கொண்ட நோடுகள் நான்கில் ஓட்டினால் கணக்குப்படி 8 மணி நேரம் சற்று மிகும். நோடுகள் தமக்குள் தகவல் பரிமாறுவதில் போகும் நேரத்தையும் சேர்த்து 11 மணி நேரம் என்று கேட்கலாம். 11 மணி என்று கேட்டவரின் வேலையை, பெரிய வேலை ஒன்றுக்காக நோடுகள் சேர்ந்துகொண்டிருக்கும் இடைவெளியில் ஸ்லர்ம் செருகிவிடும். 72 மணி என்று கேட்டவர் அந்த இடைவெளிக்குள் அடங்க மாட்டார். வேலை உண்மையில் 9 மணியில் முடியக்கூடியதாக இருந்தாலும் நாள்கணக்கில் காத்திருப்பார். குறைத்துக் கேட்டாலும் ஆபத்து உண்டு: கேட்ட நேரம் முடிந்த நொடியில் வேலை வெட்டப்படும். அதற்காகத்தான் இடைநிலைச் சேமிப்பு இருக்கிறது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை எழுதிவைக்கும்படி நிரலை அமைத்தால், வெட்டப்பட்டாலும் அங்கிருந்து தொடரலாம்.

முதல் ஓட்டத்தை எப்போதும் சோதனைப் பிரிவில் 10 நிமிடத்துக்குப் போடுங்கள். கோப்பின் பாதையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அது 10 நிமிடத்தில் தெரிந்துவிடும். நேரடியாகப் பெரிய வரிசையில் போட்டால் 2 நாள் காத்திருந்து, ஒரு நொடி ஓடி, அதே பிழையில் நிற்கும். நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி வேலைகளுக்கு, 100 நெல் ரகங்களைப் போல, ‘ஜாப் அரே’ என்ற வசதி உண்டு; ஒரே ஸ்கிரிப்ட், 100 எண்கள்.

‘எஸ்கியூ’ கட்டளை நிலையைக் காட்டும். ‘பிடி’ என்றால் காத்திருக்கிறது, ‘ஆர்’ என்றால் ஓடுகிறது. முடிந்த வேலையை ‘எஸ்அக்ட்’ கட்டளையால் பார்த்து, கேட்ட நினைவகத்துக்கும் உண்மையில் தொட்ட நினைவகத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 180 ஜிபி கேட்டு 12 ஜிபி தொட்டிருந்தால் அடுத்த முறை 16 கேளுங்கள். இதைச் செய்கிற மாணவர்களுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து வரிசை வேகமாக நகர்வதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எட்டாம் படி: சேமிப்பகம்

கணக்கை எல்லோரும் கவனிக்கிறார்கள், சேமிப்பகத்தை ஒருவரும் கவனிப்பதில்லை. இத்தகைய இயந்திரங்களில் உங்களுக்கு இரண்டு இடங்கள் கிடைக்கும். ‘ஹோம்’ சிறியது; நிரல்களும் ஸ்கிரிப்டுகளும் அதற்கு. ‘ஸ்கிராட்ச்’ பெரியது, வேகமானது. ஓட்டங்களின் வெளியீடு அதற்கு. ஆனால் ஸ்கிராட்ச் என்பது களத்துமேடு. அறுவடையை அங்கே கொட்டலாம், தூற்றலாம், ஆனால் நெல்லை அங்கேயே வைத்துவிட்டுப் போக முடியாது. குறிப்பிட்ட நாள்கள் தொடப்படாத கோப்புகளை அமைப்பு தானாகவே அழிக்கும். காப்புப் பிரதி எதுவும் எடுக்கப்படுவதில்லை.

இதைக் கற்றுக்கொள்ள நானே விலை கொடுத்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இயந்திரத்தில் 7 வாரம் ஓட்டிய முடிவுகளை ஸ்கிராட்சில் விட்டுவிட்டு, மார்கழிக் கடைசியில் ஊருக்குப் போனவன் பொங்கல், அறுவடை, உறவினர் திருமணம் என்று தங்கிவிட்டேன். அழிக்கப்போகிறோம் என்ற முன்னறிவிப்பு நான் திறந்தே பார்க்காத மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. தை பிறந்து திரும்பி வந்து பார்த்தபோது கோப்புறைகள் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. நிர்வாகியிடம் புகார் சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை. விதி முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஓட்டம் முடிந்த அன்றே, தேவையான வெளியீட்டை மட்டும் பிரித்தெடுத்து வேறிடத்துக்கு மாற்றும் வரிகளை ஸ்கிரிப்டின் கடைசியிலேயே சேர்த்துவிடுகிறேன்.

இன்னொரு பொறி, சிறிய கோப்புகள். ‘லஸ்டர்’ போன்ற இணைக் கோப்பு முறைகள் சில பெரிய கோப்புகளை மிக வேகமாகப் படிக்கும். லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் என்றால் திணறும், உங்களோடு மற்றவர்களும் சேர்ந்து திணறுவார்கள். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் தனி வரம்பு இருக்கும். ஆகவே படங்களையும் துண்டு வெளியீடுகளையும் ‘டார்’ கட்டுகளாகக் கட்டியே வையுங்கள்.

ஓலைச்சுவடி ஆய்வு செய்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஓர் ஏட்டின் ஒரு பக்கத்தை 6,000-க்கு 4,000 புள்ளிகளில் சுருக்காமல் படமெடுத்தால் 72 எம்பி. 200 ஏடுகள் கொண்ட ஒரு கட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து 400 படங்கள். ஏறத்தாழ 29 ஜிபி. எழுத்துணரி மாதிரியைப் பயிற்றுவிக்க இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. மூலப் படங்களைக் காப்பகத்தில் வைத்துவிட்டு, எழுத்துகள் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் குறைத்த பிரதியை மட்டும் மீக்கணினிக்குக் கொண்டுபோனால், கடைமடை இணைப்பிலும் ஓர் இரவில் போய்ச் சேரும்.

முக்கியமான தரவுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில். கடைசிச் சொல்லை அழுத்திச் சொல்கிறேன். கஜா அடித்தபோது டெல்டாவின் தென்பகுதியில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரே கட்டடத்தில் இருக்கும் மூன்று பிரதிகளை மூன்று என்று எண்ண முடியாது.

ஒன்பதாம் படி: முடித்துக் கொடுத்தல்

கட்டுரையில் எந்த இயந்திரத்தைப் பயன்படுத்தினீர்கள், எந்த இயக்கம் நிதியளித்தது என்பதை நிறுவனம் கொடுத்திருக்கும் வாசகத்தாலேயே நன்றியுரையில் குறிப்பிட வேண்டும். கணக்கைப் புதுப்பிக்கக் கேட்கும்போது முதலில் பார்க்கப்படுவது அதுதான்.

மாணவர் பட்டம் பெற்றுப் போனதும் கணக்கு மூடப்படும், அவருடைய கோப்புகளும் போகும். எனவே கோப்புறையின் உச்சியில் எளிய உரைக்கோப்பு ஒன்றை விட்டுச்செல்லுங்கள். தரவு எங்கிருந்து வந்தது, எந்தப் பதிப்பு மென்பொருள், எந்த ஸ்கிரிப்ட் எந்த வெளியீட்டைத் தந்தது, எது தவறான ஓட்டம், எதை நம்பலாம் என்பவை அதில் இருந்தால் அடுத்து வருகிறவருக்கு ஓராண்டு மிச்சம். வைத்துக்கொள்ள வேண்டியவற்றைக் கீழே இறக்கும் வேலையைக் கணக்கு முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். 2 டிபி தரவை 20 மெகாபிட் இணைப்பில் இறக்கி முடிக்க 9 நாளுக்கு மேல் ஆகும்.